பழுத்த இலைத் தீனி

அக்டோபர் மாதத்தில் ஒருவன், காய் உதிர்க்கிற சீப்பாக விரலில் ஆட்டுக்கொம்பை மாட்டிக்கொண்டு ஆலிவ் மரத்தில் ஏறினால் அவனுக்கு மூளை கழன்றுவிட்டது என்று அர்த்தம். காய் பறிக்க இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது. அதிலும் இந்த வருஷம் பறிக்கக் காயே கிடையாது. காயில்லாத மரத்தில் ஏணி போட்டு ஏறி, வலது கையின் மூன்று விரல்களில் கொம்பைச் செருகிக்கொண்டு, காய் கோதுகிற அதே லாவகத்தோடு கிளையைக் கோதிக்கொண்டிருந்தான் கெமாயிஸ். கீழே விரித்திருந்த வலையில் பச்சை இலைகள் சடசடவென்று விழுந்தன.

பேருந்துக்கு நடந்துகொண்டிருந்த மன்னூபியா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேசாமல் போகிற பிறவி இல்லை அவள்.

“டேய் கெமாயிஸ்! என்னடா பண்றே?”

“கண்ணு தெரியலையா? ஆட்டுக்குத் தீனி.”

“இது தீனியாடா? உயிரோட இருக்கிற மரத்த உரிச்சுக்கிட்டிருக்கே!”

“என் மரம், என் கை. உன் பஸ்ஸு போயிடப்போவுதுக்கா, கிளம்பு.”

“முட்டாள்! மரமே மூணு வருஷமா மழையில்லாம பட்டினி. கையில இருக்கிற நாலு இலைய வெச்சுத்தான் உசிரப் புடிச்சுக்கிட்டிருக்கு. அதையும் புடுங்கிட்டா அடுத்த கோடைக்கு விறகுதான் மிஞ்சும்.”

“ஆடும்தான் பட்டினி. ஆட்டுக்கு யாரு பரிஞ்சு பேசறது?”

பேருந்து தூசியைக் கிளப்பிக்கொண்டு வளைவில் வந்துவிட்டது. மன்னூபியா தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். அன்று வழி நெடுக, ஸ்ஃபாக்ஸ் நகரத்து எல்லை வரும் வரை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பாவிப் பெண்ணிடம் தன் தம்பியின் புத்தியைப் பற்றியே பேசிக்கொண்டு போனாள். அந்தப் பெண் பாதி வழியில் தூங்கிவிட்டாள். அதுவும் மன்னூபியாவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்பா விட்டுப்போனது நாற்பத்தைந்து மரம். மார்க்கச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. கெமாயிஸுக்கு முப்பது, மன்னூபியாவுக்குப் பதினைந்து. வேலி கிடையாது, எல்லைக்கல் கிடையாது. மரத்துக்கு மரம் இருபத்து நாலு மீட்டர் இடைவெளி விட்டு, நடுவில் ஒரு புல் முளைக்க விடாமல் உழுது உழுது வைத்திருக்கிற மண். புல் தெரிந்தால் ஊரே சிரிக்கும். அந்த மண்ணில் மேற்கு ஓரத்து மூன்று வரிசை அக்காவுடையது என்று தம்பிக்குத் தெரியும், தம்பி மனைவி சலூஹாவுக்குத் தெரியும், பதினோரு ஆடுகளுக்கு மட்டும்தான் தெரியாது.

மன்னூபியாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனவள். மாப்பிள்ளையாக வரவேண்டியவன் லாரி ஓட்டுநர். லிபியாவுக்குப் போய், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, மூன்று வருஷம் கழித்து மன்னிப்புக் கடிதத்தோடு ஒரு பெட்டி சோப்பு அனுப்பினான். கடிதத்தை அவள் முழுசாகப் படிக்கவில்லை. சோப்பு நல்ல சோப்பு, ஒரு வருஷத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் ஏதாவது ஒரு தப்பைக் கண்டுபிடித்து முகத்துக்கு நேரே சொன்னாள். வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு நின்றார்கள்.

நகரத்துக்கு வெளியே இருக்கிற ஆலிவ் ஆய்வு நிலையத்தில் இருபத்தேழு வருஷமாக அவளுக்கு வேலை. இலை அரைக்கிற வேலை. நாலா பக்கமிருந்தும் காகிதப் பைகளில் இலைகள் வரும். கழுவி, துடைத்து, அடுப்பில் உலர்த்தி, மாவாக அரைத்து, நிறுத்து, எண் எழுதி உள்ளே கொடுக்க வேண்டும். நாலு நாள் கழித்து உள்ளேயிருந்து ஒரு தாள் வரும்: தழைச்சத்து இவ்வளவு, மணிச்சத்து இவ்வளவு, சாம்பல்சத்து இவ்வளவு, சுண்ணாம்பு இவ்வளவு. அதைப் பதிவேட்டில் ஒட்டுவதும் அவள்தான். முதல் பத்து வருஷம் வெறுமனே ஒட்டினாள். பிறகு ஒருநாள் பொறியாளர் முன்சிஃபின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“இந்த நம்பருக்கெல்லாம் என்னங்கய்யா அர்த்தம்?”

“உனக்கு எதுக்கு மன்னூபியா அதெல்லாம்?”

“பத்து வருஷமா அரைக்கிறேன். என்னத்த அரைக்கிறேன்னு தெரிய வேண்டாமா?”

அவர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். அன்றைக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்திருப்பார். அவள் விடவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கேள்வி. ஏன் பழுத்த இலையில் தழைச்சத்து பாதியாகிவிட்டது? ஏன் சுண்ணாம்பு மட்டும் ஏறியிருக்கிறது? ஈரமில்லாத மண்ணில் உரம் இருந்தும் ஏன் இலையில் ஏறவில்லை?

பதில்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. மண் காய்ந்துவிட்டால் அதில் என்ன சத்து இருந்தாலும் மரத்துக்கு எட்டாது. தண்ணீர்தான் சத்தை வேருக்குத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். தண்ணீர் இல்லையென்றால் எல்லாம் இருந்த இடத்திலேயே கிடக்கும். அதனால் மரம் வெளியே கையேந்துவதை விட்டுவிட்டு வீட்டில் இருப்பதை வைத்து ஓட்டப் பார்க்கிறது. கிழட்டு இலையிலிருந்து தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் உருவி எடுத்துக் கொழுந்துக்கும் கிளைக்கும் அனுப்புகிறது. பகல் வெயிலில் இலையின் துளைகளைச் சாத்திக்கொள்ள அந்தச் சாம்பல்சத்து வேண்டும். சுண்ணாம்பை நகர்த்த முடியாது, அது இலையிலேயே தங்கிவிடும். எடுத்தது போக மிச்சத்தோடு இலை பழுத்து விழும். பச்சை இலை சமைக்கிற கொஞ்சநஞ்சச் சர்க்கரை, மாவாக மாறித் தூரில் இருக்கிற முண்டுகளிலும் வேரிலும் போய்ச் சேரும். மேலே எல்லாம் பட்டுப்போனாலும் அந்த முண்டிலிருந்து மறுபடி துளிர்க்கலாம்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள், சலூஹா கூஸ்கூஸுக்கு ஆவி கட்டும்போது சொன்னாள், கல்யாண வீட்டில் பெண்ணுக்கு மருதாணி இடும்போதும் சொன்னாள். கேட்கத்தான் ஆள் இல்லை. “அக்காவுக்கு மரம் காதுல வந்து பேசும்” என்று கெமாயிஸ் ஊருக்குள் சொல்லிச் சிரித்தான்.

போன வசந்தத்தில்தான் பார்க்கவேண்டும் அவன் கூத்தை. இலைகள் சுருள ஆரம்பித்ததும் எங்கிருந்தோ ஆறு மூட்டை யூரியா வாங்கிவந்து முப்பது மரத்தடியிலும் கொட்டினான்.

“மண்ணுல பொட்டு ஈரம் இல்ல. எதுல கரைச்சுக் குடிக்கும் அது?” என்று அவள் கத்தினாள்.

“மழை வந்தாக் கரையும்.”

“மழை வந்தப்புறம் போடேன்டா!”

மழை வரவில்லை. ஒரு தூறல் மட்டும் வந்தது, புழுதியை அடக்கக்கூடக் காணாத தூறல். யூரியாவை நனைக்க அது போதும், கீழே இறக்கப் போதாது. மறுநாள் வெயில் ஏறியதும் தோட்டம் முழுக்க மூக்கைத் துளைக்கிற வாடை. ஆறு மூட்டையும் காற்றோடு போய்விட்டது. கெமாயிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு, கடையில் கலப்படம் என்றான். மன்னூபியாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் விட்டுவிட்டுத் திட்டினாள்.

அப்படிப்பட்டவன்தான் இப்போது கொம்பு மாட்டிக்கொண்டு மரத்தில் ஏறியிருக்கிறான். அன்று மாலை அவள் திரும்பி வந்தபோது எட்டு மரம் இறகு பிடுங்கிய கோழியாக நின்றது.

ஒன்று சொல்லவேண்டும். கெமாயிஸ் சோம்பேறியும் இல்லை, பேராசைக்காரனும் இல்லை. ஆட்டுக்குப் போட வேறு எதுவும் இல்லாமல்தான் ஏறினான். அரசாங்கம் கொடுக்கிற பார்லி வருகிறது வருகிறது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வரவில்லை. வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியை முள் சீவி வெட்டிப் போடலாம் என்றால் அதை வெள்ளைப் பூச்சி தின்று பஞ்சு பஞ்சாக்கிவிட்டது. பதினோரு ஆட்டில் ஒன்பது சினை. அதுதான் அவன் குடும்பத்துக்கு அந்த வருஷத்து வருமானம். ஆடு போனால் அவனுக்கு எதுவும் இல்லை.

அவளுக்கும் அப்படித்தான். இன்னும் இரண்டு வருஷத்தில் வேலை முடிகிறது. தம்பி வீட்டின் பின்பக்கத்து ஓர் அறையில் குடியிருக்கிறாள், அந்த அறையும் தம்பி பெயரில். அவள் பெயரில் இந்த உலகத்தில் இருப்பது அந்தப் பதினைந்து மரம்தான். அவை இந்தக் குளிரையும் அடுத்த கோடையையும் தாண்டிவிட்டால் வேலை முடிந்த பிறகு யாரிடமும் ரொட்டி கேட்காமல் இருக்கலாம். தாண்டுவதற்குப் பச்சை இலை மேலே இருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்த கெமாயிஸ் நேராக அவள் அறை வாசலுக்கு வந்தான். முப்பது மரத்தில் பாதி முடிந்திருந்தது. சத்தமில்லாமல் வந்ததிலேயே என்ன கேட்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அக்கா, உன் மேற்கு வரிசையில நல்லாப் பச்சையா இருக்கு...”

“தொடாதே.”

“நாலு மரம் மட்டும். நாலே நாலு.”

“நாலு இலை தொட்டாக்கூடக் கைய முறிப்பேன்.”

“அப்ப ஆடு சாவட்டுமா? நீயே சொல்லு. படிச்சவங்களோட வேலை பார்க்கிறே, வழி ஒண்ணு சொல்லேன்!”

அவன் உண்மையாகவே கேட்டான். கிண்டல் இல்லை. அவளுக்கு அது புதுசாக இருந்தது. பதில் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. சொல்லிவிட்டாள்:

“கீழ விழுந்த இலை குவிஞ்சு கிடக்குதே, அதக் கூட்டிப் போடு. என் மரத்தடியிலயும் எடுத்துக்கோ, உன் மரத்தடியிலயும் எடுத்துக்கோ. பச்சையத் தொடாதே, அவ்வளவுதான்.”

“பழுத்த இலையா? அதுல சத்து இருக்குமா?”

“இலை இலைதானேடா” என்றாள் மன்னூபியா.

இருபத்தேழு வருஷமாக இலை அரைத்தவள் சொன்னாள். பழுத்த இலையின் மாவும் பச்சை இலையின் மாவும் எத்தனை ஆயிரம் முறை அவள் தராசில் ஏறி இறங்கியிருக்கும்! மரம் உருவிக்கொண்டு விட்டுப்போட்ட சக்கை அது என்று அந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

கெமாயிஸின் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. “இத முந்தியே சொல்லியிருக்கலாமேக்கா!” என்று சொல்லி அவள் தலையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலமே சலூஹா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஏழு சாக்கு இலை. கொம்புகள் பழையபடி பரணுக்குப் போயின. மேற்கு வரிசைக்குப் பக்கத்தில்கூட அவன் போகவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவன் காப்பிக்கடையில் போய்ச் சொன்னான். “ஆய்வு நிலையத்துல கண்டுபிடிச்சிருக்காங்க. பழுத்த இலைதான் ஆட்டுக்கு நல்லதாம். எங்க அக்கா சொன்னா.” மூன்று நாளில் ஊரே துடைப்பமும் சாக்குமாகத் திரிந்தது. பேருந்து நிறுத்தத்தில் பெண்கள் அவளை மடக்கினார்கள்.

“மன்னூபியா, ஊறவெச்சுக் குடுக்கணுமா, அப்படியே போடணுமா?”

“உப்புத் தண்ணி தெளிக்கலாமா?”

“அல்லாஹ் உனக்கு ஆயுசைக் குடுக்கட்டும், எங்க மரமெல்லாம் தப்பிச்சுது!”

“எனக்கு நேரமாகுது” என்பாள் அவள். ஒருவரையும் முகம் பார்த்துப் பேசவில்லை. வாழ்க்கை முழுக்க அவள் உண்மையைச் சொன்னபோது ஒருத்தரும் கேட்டதில்லை. யூரியா போடாதே என்றபோது கேட்கவில்லை, கோடையில் ஆழ உழுது மேல்வேரை அறுக்காதே என்றபோது கேட்கவில்லை. வாயில் வந்த ஒரே ஒரு அரைப்பொய்யை மட்டும் இந்தக் கழுதைகள் சாக்குச் சாக்காக அள்ளிக்கொண்டு போகின்றன. யாரைப் போய்த் திட்டுவது?

நாலு வாரம் போயிற்று. மழை மேகம் இரண்டு முறை வந்து, கடல் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டுப் போனது.

ஆடுகளுக்கு வயிறு மட்டும் உப்பிக்கொண்டு நின்றது. பார்க்கிறவர்கள் நன்றாகத் தின்கிறது என்றார்கள். முதுகைத் தடவினால்தான் தெரியும், எலும்பு கையில் குத்தும். சலூஹா தினமும் தடவினாள். ஒருநாள் காலை, சினையாட்டில் பெரியது, முகத்தில் கறுப்புப் பட்டை போட்டது, குறைமாதத்திலேயே இரண்டு குட்டி ஈன்றது. இரண்டுக்கும் உயிர் இல்லை.

சலூஹா பட்டியிலேயே உட்கார்ந்து அழுதாள். கெமாயிஸ் கண்திருஷ்டி என்றான், பட்டி வாசலில் மீன் வால் கட்டித் தொங்கவிட்டான். அடுத்த நாள் இன்னொரு ஆடு எழுந்திருக்கவில்லை. கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தவேண்டியிருந்தது.

கவாத்து வெட்டுகிற ஜிலானி வந்து பார்த்தார். அறுபது வயது மனிதர், அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் ரம்பம் படாத மரம் கிடையாது. ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தார், சாக்கில் கையை விட்டு ஒரு பிடி இலையை எடுத்து நொறுக்கினார்.

“இது குப்பைடா கெமாயிஸ். வயித்த அடைக்கும். வேற ஒண்ணுக்கும் ஆவாது.”

“மாமா, தெரியாததப் பேசாதீங்க. அக்கா சொன்னது இது.”

“அக்கா சொன்னா? ஆடு என்ன சொல்லுதுன்னு பாரு!”

“எங்கக்கா இருபத்தேழு வருஷமா இலையோட பொழப்பு நடத்தறவ. உங்களுக்கு வெட்டத்தான் தெரியும். இலையப் பத்தி அவகிட்ட வந்து பேசாதீங்க, ஆமா!”

“ஏண்டா, மரியாதை கெட்டவனே...”

இருவரும் கைகலக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். சலூஹாதான் நடுவில் புகுந்து விலக்கினாள். அடுக்களைக் கதவுக்குப் பின்னால், கையில் காப்பிப் பாத்திரத்தோடு மன்னூபியா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே கொதித்தது அவளுக்கு. பிறந்தது முதல் ஒரு வார்த்தை கேட்டதில்லையே இவன்! பள்ளிக்கூடத்துக்குப் போ என்றால் போகமாட்டான், மூட்டை தூக்காதே என்றால் தூக்குவான். இத்தனை வருஷம் விட்டுவிட்டு இன்றைக்கா அக்காவை நம்பவேண்டும்? அவன் அவளைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். ஊருக்கு முன்னால் அவளுக்காகச் சண்டை போடுகிறவனை என்ன செய்வது? காப்பி ஆறிப்போயிற்று. அவள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவே இல்லை.

சாயங்காலம் கெமாயிஸ் ஒரு காகிதப் பையோடு வந்தான்.

“இந்தாக்கா. பழுத்த இலை. நாளைக்கு நிலையத்துல குடுத்து நிறுத்துப் பாரு. எவ்வளவு சத்துன்னு தாள்ல எழுதி வாங்கிட்டு வா. கொண்டுபோய் ஜிலானி மூஞ்சியில எறியறேன்.”

“எதுக்குடா வீணா...”

“வீணா? உன்னையப் பொய் சொல்றவன்னு சொல்றார்! நான் விடுவேனா?”

அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

ஆய்வகத்தில் எப்போதும் போல் கழுவினாள், உலர்த்தினாள், அரைத்தாள். மேற்கு வரிசையிலிருந்து தானே பறித்துவந்த ஒரு பிடிப் பச்சை இலையையும் பக்கத்தில் வைத்து அரைத்தாள். பச்சை மாவு கையில் பிசுபிசுத்தது. பழுத்த மாவு மணலாக உதிர்ந்தது. எண்கள் வர நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளில் இன்னொரு ஆடு விழுந்தது.

தாள் வந்தது. பச்சைக்கு ஒரு வரி, பழுத்ததற்கு ஒரு வரி. தழைச்சத்து பாதி. சாம்பல்சத்து பாதிக்கும் கீழே. சுண்ணாம்பு மட்டும் கொழுத்துப்போய்க் கிடந்தது. முன்சிஃப் அவள் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்துவிட்டு, “இதுல என்ன புதுசா இருக்கு மன்னூபியா? நீயே வர்றவங்களுக்கெல்லாம் பாடம் நடத்துவியே” என்றார். அவள் குனிந்து தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

துண்டுக் காகிதத்தில் அவள் எழுதவேண்டியது ஒரே ஒரு வரி. மேலே இருக்கிற பச்சை இலையின் வரியை எழுதினால் கெமாயிஸ் அதை ஜிலானியின் முகத்தில் எறிவான், மரங்களும் தப்பிக்கும். அவனுக்கு எண்ணா தெரியப்போகிறது? பேனாவைத் திறந்து மேல் வரியின் முதல் எண்ணை எழுதியும்விட்டாள். பிறகு அதை அடித்தாள். தன்மேலேயே அவளுக்கு வந்த கோபத்தில் காகிதம் கிழிந்தது. கடைசியில் தாளையே மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது கெமாயிஸ் பட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். “வந்துச்சா?” என்று எழுந்தான்.

“வந்துச்சு. ஜிலானி மாமா சொன்னதுதான் சரி.”

“என்னது?”

“சக்கைதான். மரம் சத்த உள்ள இழுத்துக்கிட்டுத்தான் இலையப் போடும். பாதிதான் மிஞ்சும். சாம்பல்சத்து அதுகூட இல்ல.”

“அப்ப இத்தனை நாள் நிலையத்துல தப்பாச் சொல்லிட்டாங்களா?”

“நிலையத்துல யாருமே ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

“உனக்கும் இன்னிக்குத்தான் தெரியுமா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். அந்த மடையன் நிச்சயம் நம்பியிருப்பான்.

“முந்தியே தெரியும்டா” என்றாள்.

கெமாயிஸ் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் தாளை வாங்கி, படிக்கத் தெரியாத எண்களை விரலால் தடவிப் பார்த்தான்.

“விழற இலையில மரம் பாதிய விட்டுவெக்குதாக்கா?”

“ஆமா.”

“நீ எனக்கு அதுகூட விட்டுவெக்கலையே” என்றான். தாளை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் மன்னூபியா வேலைக்குப் போகவில்லை. இருபத்தேழு வருஷத்தில் காய்ச்சலுக்குக்கூட விடுப்பு எடுக்காதவள். விடிந்ததும் ஜிலானி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

“மாமா, ரம்பத்த எடுத்துக்கிட்டு வாங்க. என் மரத்துல மூணு வெட்டணும்.”

“இந்த வறட்சியிலயா? எங்க வரைக்கும்?”

“தூர் வரைக்கும். கிளை ஒண்ணு விடாம. தூர்ல முண்டு இருக்கு, வேர்ல மாவு இருக்கு. மழை வந்தாத் துளிர்க்கும். இலை இல்லைன்னா தண்ணிச் செலவும் இல்ல, பக்கத்து மரத்துக்காச்சும் மிஞ்சும்.”

ஜிலானி அவளை மேலும் கீழும் பார்த்தார். “இதெல்லாம் உனக்கு முதல் நாளே தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்பவே மூணு மரத்தக் குடுத்திருந்தா ஆடும் விழுந்திருக்காது, அவனும் தன் மரத்த உரிக்கறத முதல் நாளே நிறுத்தியிருப்பான். ஏம்மா சொல்லல?”

“என் மரமாச்சே” என்றாள் அவள். வேறு காரணம் எதுவும் அவளுக்கே கிடைக்கவில்லை.

மேற்கு வரிசையில் எந்த மூன்று என்று அவள்தான் காட்டினாள். ஓரத்து இரண்டைக் காட்டியபோது ஜிலானி தலையாட்டினார். மூன்றாவதாக நடு மரத்தைக் காட்டியபோது, “யோசிச்சுச் சொல்லு” என்றார். “யோசிச்சாச்சு, வெட்டுங்க” என்று எரிந்து விழுந்தாள். ரம்பம் ஓடியபோது அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கிளையாக விழ விழ இழுத்துக் கழுதை வண்டியில் ஏற்றினாள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. நடுப்பகலுக்கு முன் வண்டியைத் தானே பிடித்துக்கொண்டு பட்டிக்கு வந்தாள்.

சலூஹா முதல் கிளையைப் பட்டிக்குள் தூக்கிப் போட்டாள். ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. எழுந்திருக்கமுடியாமல் கிடந்த ஆட்டின் வாய்க்கு அருகே அவள் ஒரு கொத்தை நீட்டினாள். அது முதலில் முகர்ந்தது, பிறகு மென்றது. “மதினி, திங்குது! திங்குது!” என்று கத்தினாள்.

சத்தம் கேட்டு கெமாயிஸ் வெளியே வந்தான். வண்டியில் குவிந்திருந்த கிளைகளைப் பார்த்தான். ஒரு கிளையைப் புரட்டி அதன் கணுவைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாத மரம் அந்தத் தோட்டத்தில் இல்லை.

“நடு மரத்தையா வெட்டினே?”

“ஆமா.”

“போன தடவ காய்ச்சது அது ஒண்ணுதானே?”

“அதுலதான் பச்சை அதிகம்.”

அவன் கிளையைக் கீழே வைத்தான். மேற்கு வரிசை இருக்கிற திசையைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். அங்கே பார்க்க எதுவும் இல்லை.

“இது எத்தனை நாளைக்கு வரும்?”

“பார்த்துப் போட்டா பத்து, பன்னண்டு நாள்.”

“அதுக்கப்புறம்?”

சலூஹா கையில் கொத்தோடு நின்று மன்னூபியாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் எந்தக் கேள்விக்கும் மன்னூபியாவிடம் பதில் இருக்கும். தப்போ சரியோ, கேட்டு முடிப்பதற்குள் வந்துவிடும். இப்போது கழுதையின் கயிற்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“தெரியலடா” என்றாள்.

கெமாயிஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வண்டியில் மிச்சமிருந்த கிளைகளை இறக்க வந்தான்.